பக்கத்து உள்ளாட்சியோடு தகராறு: மத்தியஸ்தரை அமர்த்துவதா, வேறு வழி பார்ப்பதா?

இரண்டு உள்ளாட்சிகளுக்குள் தகராறு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "யார் பக்கம் நியாயம்?" என்றுதான். அதைவிட உருப்படியான கேள்வி ஒன்று உண்டு. இது தீர்ந்த மறுநாள் அவர்களிடம் நமக்கு என்ன வேலை இருக்கிறது? நம் குப்பை லாரி அவர்கள் சாலை வழியாகத்தான் போக வேண்டும், குடிநீர்க் குழாய் அவர்கள் எல்லைக்குள்ளிருந்துதான் வருகிறது, தீப்பிடித்தால் அவர்கள் வண்டிதான் முதலில் வந்து சேரும் என்றால், ஜெயிப்பதைவிடப் பேசித் தீர்ப்பதில் லாபம் அதிகம். அப்படி எந்த ஒட்டும் உறவும் இல்லை, ஒரு சட்டப் பிரிவுக்கு என்ன பொருள் என்பதில்தான் சண்டை என்றால் மத்தியஸ்தருக்குக் கொடுக்கும் பணம் வீண்.

மன்றக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வரும்போது அடிபடும் வழிகள் தெரிந்தவைதான்: தாங்களே பேசுவது, மேலிடத்தில் முறையிடுவது, வழக்குப் போடுவது, தீர்ப்புச் சொல்லும் நடுவரிடம் ஒப்படைப்பது, தீர்ப்புச் சொல்லாமல் இரு தரப்பையும் பேச வைக்கும் மத்தியஸ்தரை அமர்த்துவது. சிலவற்றுக்கு இரண்டு பத்தி போதும். மத்தியஸ்தம் அப்படி இல்லை. கேட்பதற்கு எளிதாகத் தெரிந்தாலும் அதை ஏற்பாடு செய்யும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

தாங்களே பேசிக்கொள்வது

செலவே இல்லாத வழி, அதனாலேயே முதலில் முயல வேண்டியது. கணக்கு சம்பந்தப்பட்ட தகராறுகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். கூட்டாக நடத்தும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பது போன்ற விஷயத்தை இரு பக்கத்துப் பொறியாளர்களும் கணக்கு அதிகாரிகளும் உட்கார்ந்தால் ஒரே மதியத்தில் முடித்துவிடுவார்கள்.

விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகுதான் சிக்கல். "ஒரு சொட்டுகூட விட்டுக்கொடுக்க மாட்டோம்" என்று தலைவர் ஒருமுறை பேட்டி கொடுத்துவிட்டால், அப்புறம் அதிகாரிகள் எத்தனை முறை உட்கார்ந்தாலும் அந்த ஒரு சொட்டைத் தாண்ட முடியாது. இறங்கி வந்தால் கௌரவக் குறைச்சல் என்று ஆகிவிடும். இன்னொன்று, இரண்டு ஊர்களும் ஒரே பலத்தோடு இருப்பதில்லை. பெரிய மாநகராட்சியிடம் வக்கீல், பொறியாளர், புள்ளிவிவரம் எல்லாம் தயாராக இருக்கும். பக்கத்துச் சிறிய ஊராட்சியிடம் ஒரு செயலரும் சில பழைய கோப்புகளும்தான் இருக்கும். அந்த மேஜையில் சிறியவர் எதற்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து சாலை மறியலில் உட்காருவார்.

என் அளவுகோல் இதுதான்: இரண்டு சந்திப்புகளில் புதிதாக ஓர் எண்ணோ ஒரு யோசனையோ மேஜைக்கு வரவில்லை என்றால், மூன்றாவது சந்திப்பு நேர விரயம்.

மேலிடத்தில் முறையிடுவது

அமைச்சரோ துறைச் செயலாளரோ இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்தால் அன்று மாலையே ஓர் உத்தரவு வரலாம். அவசரத்துக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. மூன்று நாளாகத் தண்ணீர் வராத ஊரிடம் போய் மத்தியஸ்தர் தேடச் சொல்வது அபத்தம்.

ஆனால் மேலே இருப்பவருக்கும் ஒரு கட்சி, ஒரு தேர்தல், ஒரு நிதிநிலை உண்டு. அவர் போடும் உத்தரவைத் தோற்ற தரப்பு தீர்வாக எடுத்துக்கொள்ளாது, அடுத்த ஆட்சி வரை காத்திருக்கும். சில நாடுகளில் பொதுவான விஷயங்களை முன்கூட்டியே திட்டமிட நிரந்தர ஏற்பாடு இருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 243ZD பிரிவின்படி அமையும் மாவட்டத் திட்டக் குழு, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களை, தண்ணீர்ப் பங்கீடு உட்பட, கருத்தில் கொண்டுதான் வரைவுத் திட்டம் தயாரிக்க வேண்டும். அப்படி ஒரு குழு உயிரோடு இயங்கும் இடத்தில் பல தகராறுகள் முளையிலேயே கிள்ளப்படும். முற்றிப்போன பிறகு அங்கே போவதில் பயன் குறைவு. அது திட்டம் போடும் இடம், சண்டை விலக்கும் இடம் அல்ல.

வழக்கு

பிலிப்பைன்ஸில் மணிலாவை ஒட்டி மக்காத்தி, தாகிக் என்று இரண்டு நகரங்கள். நடுவே பழைய ராணுவ முகாமான போர்ட் பொனிஃபாசியோ. அந்த நிலம் யார் எல்லைக்குள் வருகிறது என்று 1993இல் தாகிக் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் ஒரு பக்கம், மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு பக்கம் என்று மாறி மாறிப் போய், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தாகிக்குக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அது இறுதியானது 2023இல். முப்பது வருஷம்! இத்தனைக்கும் அந்த நாட்டின் 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், எல்லைத் தகராறு என்றால் முதலில் இணக்கமாகத் தீர்க்கப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது இந்த முப்பது வருஷம் அல்ல, தீர்ப்புக்குப் பிறகு நடந்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் 10 அடிமட்ட நிர்வாகப் பகுதிகள் ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு மாறின. நிலம் யாருடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நிலத்தின் மேல் நிற்கும் பள்ளிக்கூடங்களை யார் நடத்துவது? சுகாதார நிலையங்களை? புதிய சண்டை தொடங்கியது. 2023 ஆகஸ்டில், பள்ளி திறக்கும் நேரத்தில், 14 அரசுப் பள்ளிகளின் நிர்வாகத்தை நாட்டின் கல்வித் துறையே நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எல்லைக்கோட்டை நீதிமன்றம் போட்டுத் தரும். அந்தக் கோட்டின் இரு பக்கமும் எப்படி வாழ்வது என்பதை இரு மன்றங்களும்தான் பேசி முடிக்க வேண்டும். அந்தப் பேச்சை முதல் வருஷமே தொடங்கியிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

இதனால் வழக்கே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒரு சட்டப் பிரிவுக்குத் தெளிவான விளக்கம் தேவை, அது பிற்காலத்துக்கும் வழிகாட்ட வேண்டும் என்றால் நீதிமன்றம்தான் இடம். எதிர்த் தரப்பு நாளைக்கே ஏரியில் மண் கொட்டப்போகிறது என்றால் இன்றைக்கே தடையாணை வாங்கத்தான் வேண்டும். மத்தியஸ்தரால் யாரையும் தடுக்க முடியாது.

சில நாடுகளில் நேராகக் கோர்ட்டுக்குப் போகவும் முடியாது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, அரசு அமைப்புகள் தங்களுக்குள் தகராறு வந்தால் நியாயமான எல்லா முயற்சியும் செய்து தீர்க்கப் பார்க்க வேண்டும் என்கிறது. அந்த முயற்சி போதவில்லை என்று கண்டால் நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பலாம். 2005ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, முறைப்படி 'தகராறு' என்று அறிவித்து முயற்சி செய்த பிறகே வழக்கு என்று இதை இன்னும் இறுக்கியது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் முதலில் அதிகாரிகள் மட்டத்தில் ஒரு சந்திப்பு, பிறகு இரு மன்றங்களும் சேர்ந்த பொதுக்கூட்டம், அதிலும் முடியாவிட்டால் மத்தியஸ்தம் என்று படிப்படியாகப் போக வேண்டும். இந்தியாவின் 2023 மத்தியஸ்தச் சட்டத்தில், உள்ளாட்சி ஒரு தரப்பாக இருக்கும் தகராறுகளில் வணிகத் தகராறுகள் அடங்கும். மற்றவை அரசு அறிவிக்கை செய்தால்தான் உள்ளே வரும். ஆகவே எந்த வழி என்று முடிவெடுப்பதற்கு முன் உங்கள் சட்டம் எந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்று சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

நடுவரிடம் ஒப்படைப்பது

நடுவர் கேட்டு முடித்துத் தீர்ப்புச் சொல்வார், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நீதிமன்றத்தைவிட வேகம். துறை தெரிந்த ஆளையே நடுவராக வைக்கலாம். ஒரே கேள்வி, ஒரே எண், ஒரே கணக்கு என்றால் நன்றாக வேலை செய்யும். ஒப்பந்தப்படி கடந்த வருஷம் நாங்கள் எவ்வளவு தர வேண்டும் என்பது நடுவருக்கேற்ற கேள்வி.

அதிகாரம் சம்பந்தப்பட்ட விஷயங்களில் இது சறுக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ளூர் விற்பனை வரியை மாவட்டமும் அதற்குள் இருக்கும் நகரங்களும் எப்படிப் பங்கிடுவது என்று பத்து வருஷத்துக்கு ஒருமுறை பேசியாக வேண்டும். பேச்சு முறிந்தால் இரு தரப்பும் தங்கள் கடைசிக் கணக்கை நீதிபதியிடம் கொடுக்கட்டும், அவர் இரண்டில் ஒன்றை அப்படியே தேர்ந்தெடுக்கட்டும் என்று 2010இல் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். அநியாயமாகக் கேட்டால் எதிரியின் கணக்கு தேர்ந்தெடுக்கப்படும் என்ற பயத்தில் இரு பக்கமும் நடுவே வருவார்கள். ஆனால் 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வரியைப் பங்கிடுவது மக்கள் பிரதிநிதிகளின் வேலை, அதை நீதித்துறையிடம் தள்ளிவிட முடியாது என்பது காரணம். மன்றத்தின் அதிகாரத்தை வெளியாளிடம் ஒப்படைக்க நினைக்கும் எந்த ஊரும் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம். உங்கள் மன்றத்துக்கு அப்படி ஒப்படைக்க உரிமை இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

மத்தியஸ்தர் உண்மையில் என்ன செய்வார்

மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லமாட்டார். அதனால்தான் பல தலைவர்களுக்கு அவர் மேல் நம்பிக்கை வருவதில்லை: "முடிவெடுக்க அதிகாரமே இல்லாதவருக்கு எதற்குக் காசு?"

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் எங்கும் நடக்கக்கூடியது. ஒரு நகராட்சியின் குப்பைக் கிடங்கு பக்கத்து ஊராட்சியின் எல்லையோரம் இருக்கிறது. ஊராட்சி லாரிகளை மறிக்கிறது. கோரிக்கை ஒன்றே ஒன்று: கிடங்கை மூடு. நகராட்சியின் பதிலும் ஒன்றே ஒன்று: இடம் எங்களுடையது, உரிமம் இருக்கிறது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் இந்த இரண்டு வாக்கியங்களையும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

மத்தியஸ்தர் இரு தரப்பையும் தனித்தனி அறையில் சந்திக்கிறார். ஊராட்சித் தலைவரிடம் கேட்கிறார்: "நாளைக்கே மூடிவிட்டார்கள் என்று வையுங்கள், உங்கள் ஊர்க் குப்பை எங்கே போகும்?" சிறிது நேரம் பதில் இல்லை. அவர்கள் குப்பையும் அதே கிடங்குக்குத்தான் போகிறது. அப்புறம் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வருகிறது. உண்மையான கோபம் மூன்று. பள்ளி விடும் நேரத்தில் லாரிகள் வரிசையாக வருவது. கிழக்குப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் நிறம் மாறியிருப்பது. இதைச் சொல்லி நான்கு முறை எழுதிய கடிதத்துக்கு ஒரு பதில்கூட வராதது. மூன்றாவதுதான் பெரிய காயம். நகராட்சி ஆணையரிடம் தனியாகக் கேட்டால், கிடங்கு இன்னும் ஆறேழு வருஷத்தில் நிரம்பிவிடும் என்றும், புதிய இடம் தேட வேண்டும் என்றும், அதற்கு இந்த ஊராட்சியின் சம்மதம் இல்லாமல் சாலைகூடப் போட முடியாது என்றும் ஒத்துக்கொள்கிறார். நேருக்கு நேர் இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் பலவீனம் ஆகியிருக்கும்.

இப்போது பேசுவதற்குச் சரக்கு இருக்கிறது. லாரி நேரம், கிணற்று நீர்ப் பரிசோதனை, மூடும் தேதி, அதுவரை என்ன இழப்பீடு, கடிதம் வந்தால் எத்தனை நாளில் யார் பதில் சொல்ல வேண்டும். எந்த நீதிமன்றத் தீர்ப்பிலும் பள்ளி விடும் நேரம் இடம்பெறாது.

தண்ணீர்ப் பரிசோதனையில் ஒரு முக்கியமான உத்தி உண்டு. வழக்கில் ஆளுக்கொரு நிபுணர் வருவார், ஆளுக்கொரு முடிவு சொல்வார். நல்ல மத்தியஸ்தர் இரு தரப்பும் சேர்ந்து ஒரே ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்க வைப்பார். எந்தக் கிணறுகள், எந்த மாதம், எந்த அளவீடு என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள். முடிவு வந்த பிறகு "அது உங்கள் ஆய்வு" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. தண்ணீர், நிலம், போக்குவரத்து எதுவானாலும், இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே மத்தியஸ்தரின் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பேன்.

மத்தியஸ்தர் தன் எண்ணைச் சொன்னால்

மத்தியஸ்தரில் இரண்டு விதம். பேச வைத்து ஒதுங்கி நிற்பவர் ஒருவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுதான் நியாயமான பங்கு" என்று தானே ஒரு யோசனையை எழுதித் தருபவர் இன்னொருவர். அமர்த்துவதற்கு முன்பே எந்த விதம் என்று முடிவு செய்ய வேண்டும். டோக்கியோவில் நடந்த ஒரு தகராறு இதற்கு உதாரணம்.

டோக்கியோ விரிகுடாவில் குப்பையும் கட்டுமான மண்ணும் கொட்டி உருவாக்கிய நிலம், ஏறக்குறைய 500 ஹெக்டேர். அதை கோத்தோ, ஓத்தா என்ற இரண்டு உள்ளாட்சிகள் முழுவதுமாகத் தங்களுடையது என்றன. இரண்டுக்கும் தனித் தலைவரும் மன்றமும் உண்டு. இருவரின் வாதமும் சரித்திரத்திலிருந்து வந்தது. அத்தனை வருஷமும் குப்பை லாரிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போயின, நாற்றத்தை நாங்கள்தான் சகித்தோம் என்றது கோத்தோ. அந்தக் கடலில் பாசி வளர்த்துப் பிழைத்த எங்கள் மக்கள் தொழிலைக் கைவிட்டார்கள், அதனால்தான் நிலமே உருவானது என்றது ஓத்தா. இரண்டுமே பொய் இல்லை. 2020 ஒலிம்பிக்கின் சில போட்டிகள் அங்கே நடக்கவிருந்ததால் முகவரி இல்லாத நிலமாக அதை விட்டுவைக்கவும் முடியாது.

ஜப்பானில் இதற்கென்று சட்டத்திலேயே ஏற்பாடு உண்டு. அந்தந்தத் தகராறுக்கு மூன்று பேரை நியமித்து சமரசம் செய்ய வைப்பார்கள். 2017இல் அந்த மூவர் ஒரு யோசனை தந்தார்கள்: கோத்தோவுக்கு 86.2 சதவீதம், ஓத்தாவுக்கு 13.8 சதவீதம். கோத்தோ ஏற்றது. ஓத்தா மறுத்து நீதிமன்றத்துக்குப் போனது. 2019 செப்டம்பரில் வந்த தீர்ப்பில் ஓத்தாவின் பங்கு 20.7 சதவீதம் ஆனது. இரு தரப்பும் மேல்முறையீடு செய்யாமல் அதோடு விட்டுவிட்டன.

இதை மத்தியஸ்தத்தின் தோல்வி என்று சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முழுவதும் எனக்கே என்று பல வருஷம் நின்ற இரண்டு ஊர்கள், பங்கு எவ்வளவு என்ற பேச்சுக்கு இறங்கி வந்தது அந்த மூவரின் எண்ணால்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மத்தியஸ்தர் ஓர் எண்ணைச் சொன்ன கணமே, குறைவாகப் பெற்றவர் அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பார். பங்கு பிரிக்கும் தகராறில், அதுவும் ஒருமுறை பிரித்தால் முடிந்துவிடும் தகராறில், எண் சொல்லும் மத்தியஸ்தர் சரி. குப்பைக் கிடங்கு போலத் தினமும் ஒத்துழைக்க வேண்டிய விஷயத்தில் எண்ணை அவர் வாயிலிருந்து வரவிடாமல் இருப்பதே நல்லது.

பணம் வெளியிலிருந்து வந்தால்

ஃபுளோரிடாவில் டாம்பா விரிகுடாவைச் சுற்றி மூன்று மாவட்டங்களும் மூன்று நகரங்களும் நிலத்தடி நீருக்காகப் பல வருஷம் அடித்துக்கொண்டன. கடலோர மாவட்டம் ஒன்று பக்கத்து மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் எடுத்தது. அங்கே ஏரிகளும் சதுப்பு நிலங்களும் வற்றின. வழக்குக்கு மேல் வழக்கு. 1998இல் எல்லோரும் சேர்ந்து டாம்பா பே வாட்டர் என்ற கூட்டு அமைப்பை உருவாக்கினார்கள். மாவட்டத்துக்கு இரண்டு, நகரத்துக்கு ஒன்று என்று ஒன்பது பேர் கொண்ட குழு, எல்லோருக்கும் ஒரே மொத்த விலை. நாளொன்றுக்கு 15.8 கோடி கேலன் வரை எடுக்க அனுமதி இருந்த கிணறுகளில் படிப்படியாக 9 கோடிக்குக் குறைப்பது என்று முடிவானது. அதற்கு ஈடாக மாற்று நீர் ஆதாரங்களை உருவாக்க, மண்டல நீர் மேலாண்மை அமைப்பு 18.3 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது.

அந்தப் பணம் வராமல் அந்த உடன்பாடு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கும் தண்ணீர் போதாது என்றால் எந்தக் கெட்டிக்கார மத்தியஸ்தராலும் அதைக் கூட்ட முடியாது. ஆகவே மத்தியஸ்தரை அமர்த்தும்போதே மேலிடத்தையும் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவது நல்லது, முடிவெடுக்க அல்ல, கடைசியில் காசு எடுத்து வைக்க.

யாரை அமர்த்துவது, யார் காசு கொடுப்பது

துறை தெரிந்தவரா, பேச வைக்கத் தெரிந்தவரா என்று இழுபறி வரும். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளரைப் போட்டால் அவர் மூன்றாவது மணிநேரத்தில் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஓய்வுபெற்ற நீதிபதிக்கும் அதே ஆசை வரும், பழக்க தோஷம். பேச வைக்கத் தெரிந்தவரை முதன்மையாக வைத்து, தொழில்நுட்பத்துக்கு ஒருவரைத் துணைக்கு வைப்பது என் தேர்வு. இரு தரப்பும் சேர்ந்தே நேர்காணல் செய்ய வேண்டும். "இதுவரை மன்றங்களுக்கு இடையே செய்திருக்கிறீர்களா? எங்களில் யாருக்காவது முன்பு வேலை பார்த்திருக்கிறீர்களா? பேச்சு முறிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். குடும்ப வழக்குகளிலும் கம்பெனி வழக்குகளிலும் பெயரெடுத்தவர், பத்திரிகையாளர்கள் வாசலில் நிற்கும் தகராறில் திணறலாம்.

கட்டணம் பொதுவாக மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ இருக்கும். கோப்புகளைப் படிக்கும் நேரம், பயணம், அறை வாடகை இதெல்லாம் தனியாகச் சேரும் என்பதால் மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு எழுதிக்கொள்ளுங்கள். செலவைச் சரிபாதியாகப் பிரிப்பதுதான் வழக்கம். ஏழை ஊராட்சிக்கு அது முடியாது, பெரிய நகரம் முழுவதும் தருகிறேன் என்று முன்வந்தால்? ஏற்காதீர்கள். எவ்வளவு நேர்மையான மத்தியஸ்தராக இருந்தாலும், "அவர் அவர்கள் காசில் வந்தவர்" என்று ஊரில் ஒரு பேச்சு போதும். மக்கள்தொகைப்படி பிரிக்கலாம், அல்லது மாநில அரசிடம் உதவி கேட்கலாம். சிறியவரும் ஒரு தொகை போட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மன்றம் மறுத்துவிட்டால்

உள்ளாட்சி மத்தியஸ்தம் அதிகமாக முறிவது பேச்சுவார்த்தை அறையில் அல்ல, அதற்குப் பிறகு மன்றக் கூட்டத்தில். அறையில் உட்கார்ந்த நான்கு பேர் நாள்கணக்கில் பேசி மனம் மாறியிருப்பார்கள். மன்றத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு அந்தப் பயணமே தெரியாது. "எதற்கு விட்டுக்கொடுத்தீர்கள்?" என்று ஒருவர் எழுந்து கேட்டால் கதை முடிந்தது. கம்பெனித் தகராறில் இயக்குநர் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும், உள்ளாட்சியில் தீர்மானம் நிறைவேறினால்தான் உண்டு.

அதற்குத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை உண்டு. பேச்சுக்குப் போகிறவர்களுக்கு எதுவரை இறங்கலாம் என்று மன்றம் எழுத்தில் எல்லை தர வேண்டும். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவரைக் கட்டாயம் குழுவில் சேர்க்க வேண்டும். வெளியே இருந்தால் அவர்தான் முதல் முட்டுக்கட்டை. இடையிடையே மன்றத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். ரகசியத்தில்தான் மோதல். மூடிய அறையில் பேசினால்தான் உண்மை வரும். ஆனால் மன்றக் கூட்டம் திறந்ததாக இருக்க வேண்டும், ஆவணம் கேட்டால் தர வேண்டும் என்று பல இடங்களில் சட்டம் இருக்கிறது. எது ரகசியம், எது பொது என்பதை முதல் நாளே சட்ட ஆலோசகரை வைத்து எழுதிக்கொள்ளாவிட்டால், பாதியில் ஒருவர் மனுப் போட்டு எல்லாக் குறிப்பையும் வெளியே கொண்டுவந்துவிடுவார். பேச்சு நடக்கும்வரை யாரும் தனியாகப் பேட்டி தருவதில்லை, வழக்குத் தொடுக்கும் கெடு ஓடாமல் நிறுத்தி வைப்பது, அதுவரை புதிய வேலை எதையும் தொடங்குவதில்லை என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

தேர்தலுக்கு ஆறு மாதத்துக்குள் மத்தியஸ்தம் தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். காசு போகும், அடுத்த மன்றத்திடம் "ஏற்கெனவே முயன்று தோற்றது" என்ற பெயர்தான் மிஞ்சும்.

எதிர்த் தரப்பு வரமாட்டேன் என்றால்

இது அடிக்கடி நடக்கும். பெரியவருக்குக் காலம் கடத்துவது லாபம் என்றால் ஏன் வருவார்? கெஞ்சாமல் மன்றத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: மத்தியஸ்தத்துக்குத் தயார், பாதிச் செலவு எங்களுடையது, ஆளை நீங்களே மூன்று பேர் சொல்லுங்கள், ஒருவரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம், 45 நாளில் பதில் வேண்டும். அதை மேலிடத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஆளை அவர்களே சொல்லலாம் என்ற பிறகு மறுப்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம். அப்படியும் மறுத்தால், முயன்றதற்கு ஆவணம் உங்கள் கையில் இருக்கிறது. முயற்சி செய்த பிறகே வழக்கு என்று சட்டம் சொல்லும் இடங்களில், வக்கீல் மனுவோடு முதலில் இணைக்கப்போவது அந்தத் தீர்மானத்தைத்தான்.